ஆரு பாத்ததுங்க?

நாமக்கல்லில் நேற்று நல்ல மழையாம் என்று சொல்லிக்கொண்டே யாராவது ஆபீசுக்குள் வந்தால், கார்டுக்காரர் எழுதுவதை நிறுத்தாமலே கேட்பார்: "ஆரு பாத்ததுங்க?" பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்பார் வந்தவர். "பேசினவரு நனைஞ்சிருந்தாருங்களா?" அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேச யாருக்குத் தோன்றும்? வந்தவர் தன் நாற்காலிக்குப் போவார். அந்த மனிதரோடு ஒரே அறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பொறுமைக்கு யாராவது பரிசு கொடுப்பதாக இருந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திருச்செங்கோட்டில் போர் போடும் கம்பெனி அது. லாரி மேல் ஏற்றிய ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும். நான் சேர்ந்தபோது இரண்டு வண்டி, விலகியபோது ஐந்து. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் அடிக்கல்லைக் காட்ட ஆரம்பித்திருந்தன, அதனால் வண்டிகளுக்கு ஓய்வே இல்லை. நான் டைப்பிஸ்ட். அவருடைய உத்தியோகத்துக்குப் பெயரே கிடையாது. கார்டு எழுதினார், கார்டு அடுக்கினார், கார்டைக் காவல் காத்தார். நாங்கள் கார்டுக்காரர் என்றோம். நிஜப் பெயர் எனக்குத் தெரியும். தான் படித்துப் பார்க்காத காகிதத்தில் தன் பெயர் இருப்பதை அவர் விரும்பமாட்டார், அதனால் எழுதவில்லை.

ஒல்லியான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா: எழுத நீலம், திருத்தச் சிவப்பு. சாவிக்கொத்தை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார், அதனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதோடு ஒட்டி நின்று ஒரு பக்கமாகச் சாய வேண்டியிருக்கும். நான் குனிந்து டைப் அடித்துக்கொண்டே சிரிப்பை அடக்குவேன்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது. கோலார் சுரங்க ஆபீசில் இருந்தவர் என்றார் கம்ப்ரசர் ஆபரேட்டர். பட்டாளத்து ஸ்டோரிலிருந்து விரட்டப்பட்டவர் என்றார் மானேஜர். மானேஜர் என்றால் முதலாளியின் மச்சினன், வேறு தகுதி ஒன்றும் நான் கண்டதில்லை. நானே ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டேன். "ஆரு கேக்கச் சொன்னாங்க அம்மிணி?" என்றார். யாரும் கேட்கச் சொல்லவில்லை. அதை அவர் நம்பவில்லை.

முதலாளி அவரைக் கூட்டி வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பழைய டிரில்லர், அதாவது துளை போடும் மேஸ்திரி, ஒரு திங்கட்கிழமை போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். எந்த ஊரில் எத்தனை அடி மண், எங்கே பாறை தட்டும், எங்கே பைப் அதிகம் இறங்கும், எத்தனையாவது அடியில் தண்ணீர் என்பதெல்லாம் அந்த ஆளின் தலையில் இருந்தது. அவரோடு அத்தனையும் போய்விட்டது. அடுத்த மாதம் ஒரே ஊருக்கு ஆபீசில் மூன்று பேர் மூன்று ஆழம் சொன்னோம். போர் போடக் கேட்டு வந்திருந்த கவுண்டர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

கார்டுக்காரர் வந்து முதல் ஒரு மாதம் ஒரு கார்டும் எழுதவில்லை. கோடு போட்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆபீசில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் குறித்துக்கொள்வார். கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது. எங்கிருந்து என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் இருந்தது: ஞாபகம். மாதக் கடைசியில் அந்தத் தாள்களையெல்லாம் பசை தடவிச் சுவரில் ஒட்டி முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கம்பெனி பூராவும் ஞாபகத்துல ஓடுதுங்க. ஞாபகத்துக்கு எவனாச்சும் சம்பளம் சேத்திக் குடுத்தா அது போயிருமுங்க."

"அதுக்கு என்ன பண்ணலாங்கறீங்க?" என்றார் முதலாளி.

"எந்தக் கேள்விக்குப் பதில் வேணும்னு தெரிஞ்சாச்சுங்க. இனி எந்தப் பதிலு எந்த எடத்துல இருக்கோணும், அத ஆரு எழுதோணும், ஆரு பாக்கலாம். இந்த மூணுதானுங்க."

அப்படித்தான் மூன்று நிறம் வந்தது. ஒவ்வொரு போருக்கும் ஒரு வெள்ளைக் கார்டு. ஒவ்வொரு ஊருக்கும், அந்த ஊர் வெள்ளைக் கார்டுகளையெல்லாம் சுருக்கி, ஒரு மஞ்சள் கார்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நீலக் கார்டு. ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். வேறு இடத்தில் அது தேவைப்பட்டால் கார்டு நம்பரை மட்டும் எழுத வேண்டும். வெள்ளைக் கார்டின் தலைப்பில் விவசாயியின் பெயரைப் போடக்கூடாது, சர்வே நம்பர்தான். இதற்கு மானேஜர் குதித்தார். "பேரில்லாம எப்படியய்யா ஆளைக் கண்டுபுடிக்கிறது?" கார்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, தெருவைப் பார்த்து, "பழனிச்சாமிங்கோ" என்று குரல் கொடுத்தார். நான்கு பேர் திரும்பினார்கள்.

எந்த நிறக் கார்டானாலும் அடியில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று 'பார்த்தவர்', மற்றது 'எழுதியவர்'. துளையிட்ட மேஸ்திரி பார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும், கைநாட்டானாலும் சரி. டைப் அடித்த நான் எழுதியவர். தப்பு வந்தால் அடித்துத் திருத்தக்கூடாது. ஒரே ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் சரியானது, கீழே திருத்தியவர் கையெழுத்து. பழைய எழுத்து கோட்டுக்கு அடியிலும் படிக்கும்படி இருக்கவேண்டும். ஒருமுறை மானேஜர் இருநூற்று எண்பத்தேழு அடியை முந்நூறு என்று மாற்றச் சொன்னார், பேசுவதற்கு வசதியாக இருக்குமாம்.

"நீங்க அங்க இருந்தீங்களா?" என்றார் கார்டுக்காரர்.

"நான் எதுக்கய்யா அங்க இருக்கறேன்?"

"அப்ப இருந்தவரு வந்து மாத்தட்டுங்க."

ரிக் அப்போது ஆந்திராவில் எங்கோ இருந்தது. மேஸ்திரி திரும்பி வர ஒன்றரை மாதம் ஆயிற்று, அவர் வந்து எண்பத்தேழுதான் என்றார். நான் மனசுக்குள் கைதட்டினேன். அதே சமயம், முதலாளியின் மச்சினனுக்கே இப்படி என்றால் நமக்கு என்ன கதி என்றும் நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு எரிச்சல் மூட்டியது பார்வை நோட்டு. அலமாரியைத் திறந்து ஒரு கார்டை எடுத்தால், யார், எந்தக் கார்டு, என்ன நேரம், எதற்காக என்று அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதலாளியும் எழுத வேண்டும். முதல் தடவை முதலாளி சிரித்துக்கொண்டே போட்டார், இரண்டாம் தடவை சிரிக்காமல் போட்டார், மூன்றாம் தடவை மானேஜரை அனுப்பினார். நாள் முடிவில் கார்டுக்காரர் அந்த நோட்டைப் படித்துவிட்டு, சில சமயம் கையெழுத்துப் போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்வார். என்ன சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. மிரட்டுகிறார் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

அவர் எங்களைச் சந்தேகப்பட்டதற்குக் குறையாமல் நாங்களும் அவரைச் சந்தேகப்பட்டோம். கம்ப்ரசர் ஆபரேட்டரின் மாமியார் இறந்தபோது அவர் லீவு கேட்டதற்கு, "தந்தி வந்துச்சுங்களா, ஆளு வந்தாங்களா? வந்தவங்க பாத்துட்டு வந்தாங்களா, கேட்டுட்டு வந்தாங்களா?" என்று கேட்டு, அந்த மனிதர் அழவேண்டிய நேரத்தில் கோபத்தில் கத்தும்படி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சைக்கிளில் கிராமங்களுக்குப் போவதை டிரைவர்கள் பார்த்திருக்கிறார்கள். சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் போட்டிக் கம்பெனி ஆளோடு நின்று டீ குடித்ததை நானே பார்த்தேன். இத்தனை பூட்டும் சாவியும் கார்டு விஷயத்தை வெளியே விற்பதற்குத்தான் என்று மானேஜரிடம் போய்ச் சொன்னவளும் நானே. மானேஜர் ஆளை விட்டு விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்தது வேறு. எங்கள் கம்பெனி போட்ட போர்களின் மூடியைக் கழற்றி, கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டு, மேஸ்திரி சொன்ன ஆழம் சரிதானா என்று அளந்துகொண்டிருந்தார். டீ குடித்ததற்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. சந்தேகப்பட எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி என் கதை. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன். எலச்சிபாளையத்துக்கு மேற்கே எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டுக்காடு, ஒரு கிணறு, ஒரு ஜோடி எருது. நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும் போடுவோம். என்னை டைப் கிளாசுக்கு அனுப்பியபோது ஊரே சிரித்தது. பொட்டைப் புள்ளைக்கு மிஷின் எதற்கு என்றார்கள், அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தபோது கிணற்றில் பாத்திரம் மொள்ளக்கூடத் தண்ணீர் இல்லை. அண்ணன் எருதுகளை விற்றுப் போர் போட நினைத்தார். தண்ணீர் வந்தால் காடு பிழைக்கும். வராவிட்டால் எருதும் போய், காடும் போய்விடும். நாங்கள் அதன் பிறகு எவன் காட்டிலோ கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

"உங்க ஆபீசுல ஊரு ஊருக்கு எழுதி வெச்சிருக்காங்களாமே பாப்பா. நம்ம மேக்கால ஓரத்துல எத்தன அடியில இருக்குதுன்னு ஒருக்கா பாத்துட்டு வா. நீ பாத்துச் சொன்னா நான் கண்ண மூடிட்டு எறங்கறேன்."

அலமாரியைத் திறக்க எனக்கு அனுமதி உண்டு. டைப் அடிக்கக் கார்டு வேண்டுமல்லவா. அவர் சாய்ந்து நின்று திறந்துவிடுவார், நான் நோட்டில் எழுதிவிட்டு எடுப்பேன். அன்றைக்கு வேறு மூன்று கார்டுக்கு எழுதிவிட்டு, நான்காவதாக எங்கள் ஊர் மஞ்சள் கார்டையும் சேர்த்து உருவினேன். அதை மட்டும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நாற்பது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் ஒன்றும் பெரிதில்லை. எழுதினால் அவருக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரிந்துவிடும், தெரிந்தால் அதை யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார் என்று பயந்தேன். அவரை நான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கார்டு என் டைப்பில் இல்லை. அவருடைய கையெழுத்தில் இருந்தது, அச்சடித்த மாதிரி. 'மேற்கு ஓரம்: நானூறு அடி வரை கருங்கல். தண்ணீர் இல்லை.' டைப் அடித்ததைவிட அது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மழையையே நம்பாத மனிதர் கைப்பட எழுதியிருக்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? கார்டை உள்ளே தள்ளினேன். சாயங்காலம் பஸ்ஸில் ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் எருதுகளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நல்ல வேளை. நீ இல்லீன்னா இதுகளையும் வித்துத் தொலச்சிருப்பேன்," என்றார்.

பிறகு ஊர் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்: எங்க பாப்பா கம்பெனியிலயே இருக்குது, அதே பாத்துச் சொல்லிருச்சு. எருது மிஞ்சியது, ஆனால் தீனி இல்லை. கடலை மறுபடியும் காய்ந்தது. ஐந்து மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, கோழிப்பண்ணை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவருக்குக் காட்டை எழுதிக்கொடுத்தார் அண்ணன். கிரயத்துக்கு நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆபீசில் அரை நாள் லீவு கேட்டேன். சொந்த வேலை என்றேன். ஒவ்வொரு லீவையும் தோண்டித் துருவுகிற கார்டுக்காரர் அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்க அம்மிணி," என்றார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அண்ணன் ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில், கிழங்கு மாவு கரைக்கும் தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தார். காலெல்லாம் வெளுத்துப் புண்ணாகும். அண்ணி விளக்கெண்ணெய் தடவி விடுவாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காம் நம்பர் வண்டியின் துளைச் சீட்டுகள் டைப்புக்கு வந்தன. மேஸ்திரியின் கோணல் எழுத்து. முதல் சீட்டை அடித்தேன். இரண்டாவது சீட்டைச் சொருகி ஊர் பெயரை அடித்தேன், சர்வே நம்பரை அடித்தேன், அடித்த பிறகுதான் விரல் நின்றது. நிலவரி கட்டிய கந்தாய ரசீதில் நான் சின்ன வயதிலிருந்து படித்த நம்பர் அது. எங்கள் காடு. நூற்றுத் தொண்ணூறு அடி. இரண்டரை இஞ்சு தண்ணீர். பார்த்தவர் கட்டத்தில் மேஸ்திரியின் கையெழுத்து.

மீதியை அடித்து முடித்தேனா என்று நினைவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவர் மேஜைக்கு முன்னால் போய் அந்தச் சீட்டை வைத்தேன்.

"இது எங்க காடுங்கய்யா. உங்க மஞ்சக் கார்டப் பாத்துத்தான் வித்தோம்."

அவர் சீட்டைப் படித்தார். பார்வை நோட்டை எடுத்து ஏழெட்டு மாதத்துப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு மூடி வைத்தார்.

"நோட்டுல எழுதலீங்களே அம்மிணி."

"எழுதலீங்க."

"அந்தக் கார்டுல அடியில பாத்தீங்களா? பாத்தவருன்னு ஆரு பேரு இருந்துச்சு?"

யார் பெயரும் இல்லை. அப்போதுதான் எனக்கு அது கண்ணில் வந்து நின்றது. இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன, வெள்ளைக் கார்டு நம்பர்கூட ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழுந்த கேள்வியை, வேண்டிய நாளில் நான் கேட்கவில்லை.

மெதுவாகத்தான் சொன்னார். கார்டிலிருக்கிற விஷயம் வெளியே கசிகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க, கம்பெனி வண்டி இதுவரை போகாத பதினோரு ஊர்களுக்கு அவர் பொய்க் கார்டு எழுதி உள்ளே வைத்திருந்தார். அந்தப் பொய் வெளியே எந்த வாயிலிருந்து வருகிறதோ அங்கிருந்து பின்னாலேயே போனால் ஆள் கிடைப்பான். முறையாக நோட்டில் எழுதிப் பார்க்கிறவர்களை அன்றைக்குச் சாயங்காலமே கூப்பிட்டு, அந்தக் கார்டை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுவார். நாங்கள் மிரட்டல் என்று நினைத்தது அதைத்தான்.

"கோழிப்பண்ணைக்காரருக்குப் போர் பேசின ஏஜெண்டு நோட்டுல எழுதுனாருங்க. அவருகிட்டச் சொன்னேன். நீங்க எழுதியிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பனுங்க." சீட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "நாம போகாத ஊரா இருந்தா ஆருக்கும் நட்டம் வராதுன்னு நெனச்சேன்," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. "பொய்யி வெளிய வந்துதே, டீக்கடையில எங்கண்ணன் ஊரெல்லாம் சொன்னாரே, அது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்துவிடப் போகிறேன்? அவர் மேஜை இழுப்பறையிலிருந்து கையடக்கமான ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, என் பக்கம் திருப்பி வைத்தார். கிரயத்துக்குப் பதினாறு நாள் முந்தைய தேதி. 'எலச்சிபாளையம் டீக்கடையில் நான்காம் வண்டி டிரைவர் கேட்டது. டைப் அம்மிணியின் ஊர். தானாக வந்து சொல்கிறதா என்று காத்திருந்து பார்க்கவும்.' அடியில் அவருடைய கையெழுத்து.

"காட்ட விக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

இருக்கலாம். அன்றைக்கு லீவுக்கு ஏன் காரணம் கேட்கவில்லை என்று கேட்டேன். அவர் நோட்டை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். தெரிந்தேதான் கேட்காமல் விட்டாரா, இல்லை நான் தானாக வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை. அன்றைக்கு எதற்கு லீவு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன், காடும் எங்களோடு இருந்திருக்கும். அவரை நான் வெறுத்தேன். என்னை அதைவிட அதிகமாக வெறுத்தேன்.

நான் வேலையை விட்டுவிட்டேன். முதலாளி பொய்க் கார்டுகளை எடுக்க வேண்டாம் என்றாராம், இவர் பதினொன்றையும் எடுத்துக் கிழித்துவிட்டு, கிழித்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாராம். ஆபரேட்டர் பின்னால் சொன்னார். அவர் பார்த்ததாகத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார். அண்ணன் ஆலைக்குப் போயிருந்தார். வாசலிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். ஆபீசில் யார் கையாலும் அவர் எதுவும் குடித்து நான் பார்த்ததில்லை.

"உங்கண்ணன்கிட்ட நான் சொல்லட்டுங்களா? தப்பு என்னோடதுங்க. அவரு கையில ரெண்டு அடி வாங்கினாலும் வாங்கிக்கறேன்."

நான் உடனே வேண்டாம் என்றேன். யோசிக்கவேயில்லை. அவர் சொன்னால், கார்டில் கையெழுத்து இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை என்பதும் வரும். நோட்டில் எழுதாமல் திருட்டுத்தனமாகப் பார்த்தது வரும். கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்பிய அண்ணன் அதன் பிறகு என்னை எப்படிப் பார்ப்பார் என்பதைத்தான் நினைத்தேன். அண்ணனின் கால் புண்ணைப் பற்றி நினைக்கவில்லை.

"அப்ப அது உங்க விசயமுங்க. நீங்களாச் சொன்னாத்தான். நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

எண்பதுகளின் கடைசியில் அண்ணன் மகள் கல்யாணம். எனக்கும் கல்யாணமாகி சேலத்திலிருந்து வந்திருந்தேன். அண்ணன் அதற்குள் ஆலையில் மேஸ்திரி ஆகியிருந்தார், காலில் தழும்பு மட்டும் போகவில்லை. பழைய ஆபீசுக்கும் ஒரு பத்திரிகை வைத்திருந்தார். கார்டுக்காரர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பந்தியில் உட்கார்ந்தார், நான் ரச வாளியோடு அந்த வரிசையில் வந்துகொண்டிருந்தேன். அண்ணன் அவர் இலைக்கு எதிரே குனிந்து நின்று, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஏனுங்க, எங்க மேட்டுக்காட்டுல இன்னிக்கும் வத்தாம ஓடுதாமுங்க. அது அப்ப உங்க கம்பெனிக்குத் தெரியாமயா போச்சு?"

அவர் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. நான் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியாமப் போச்சுங்க," என்றார் அண்ணனைப் பார்த்து. "பாத்தவங்க சரியாப் பாக்கலீங்க."

எங்கள் காட்டைக் கம்பெனியில் அப்போது யாரும் பார்த்ததே இல்லை. எழுத்தில் பதினோரு பொய் வைத்த மனிதர்தான். ஆனால் வாயால் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான், அதுவும் எனக்காக.

"உடுங்க, எங்களுக்குக் குடுத்து வெக்கல," என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா நிக்கற, ஐயாவுக்கு ரசம் ஊத்து," என்றார். ஊற்றினேன்.